தீர்ந்த தேதி

மார்ச் 4, திங்கள்

காலை பிரஷர் 134/86.

இந்தப் புத்தகத்தை மிசி சுகந்தி கொடுத்தார். தாதிகளை நாங்கள் மிசி என்றுதான் கூப்பிடுவோம். இவர் பெரிய மருத்துவமனையில் சிறுநீரக மாற்றுப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். தினமும் காலையில் பிரஷர் எடுத்து எழுத வேண்டும், நம்பரை வாட்சாப்பில் அனுப்பினால் போதும், புத்தகம் என்னிடமே இருக்கலாம் என்றார். பக்கம் முழுக்கக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நம்பரை எழுது என்றால் எனக்குக் கை அரிக்கும். மிச்ச இடத்தில் என் இஷ்டத்துக்கு எழுதப்போகிறேன்.

விஷயம் இதுதான். என் தங்கை தமயந்திக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவள் கணவருக்கு இனிப்புநீர் வியாதி, அவரால் கொடுக்க முடியாது. எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. நான் கொடுக்கிறேன் என்று டிசம்பரிலேயே சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லில் மாற்றமில்லை.

இன்று மிசி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“சிகரெட் உண்டாண்ணே?”

“விட்டு ரெண்டு வருசம் ஆச்சி.”

“வேப்? அந்த மின்சிகரெட்டு?”

தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்ல முடியவில்லை. “ஒன்னு இருக்கு. தீரப்போவுது.”

“நிக்கோட்டின் எந்த ரூபத்துல இருந்தாலும் ஆறு வாரத்துக்குத் தொடவே கூடாது. அது தீர்ந்த அன்னிக்கு இதுல தேதி எழுதுங்க. அங்கேருந்து ஆறு வாரம் எண்ணி, டெஸ்ட் எடுத்து, அப்புறந்தான் ஆப்பரேஷனுக்கு நாள் குறிப்பாங்க.”

புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவரே ‘தீர்ந்த தேதி’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கோடும் போட்டுத் தந்தார். அது இப்போது காலியாக இருக்கிறது.

இதுதான் கடைசி. இது தீர்ந்தபின் இன்னொரு வேப் வாங்கினால் என் பெயர் குணாளன் இல்லை. இன்றே தூக்கிப் போட்டால் என்ன என்று லோகேஸ்வரி கேட்டாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் காடியில் இருக்கிற மற்ற சாமான்கள் எல்லாம் கெட்டுப்போகும். எதையும் முறையாக நிறுத்த வேண்டும். இதை என் மனைவிக்கு விளக்க முடியாது.

மார்ச் 5, செவ்வாய்

132/84.

ரவாங் பழைய சாலையில் இருபத்தாறு வருடமாகப் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். காடி, லோரி, வேன், எதன் பேட்டரி படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே இந்தச் சுண்டுவிரல் அளவுப் பேட்டரியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சாமானைப் பற்றி எழுதிவிடுகிறேன். ஊதா நிறம், திராட்சை வாசம். விற்றவன் இதைத் தூக்கிப் போடுகிற ரகம் என்றான். அடியில் பார்த்தால் சார்ஜ் ஏற்ற ஓர் ஓட்டை இருந்தது. தூக்கிப் போடுகிற சாமானுக்கு எதற்கப்பா சார்ஜ் என்று கேட்டேன். உள்ளே இருக்கிற சாறு தீர்வதற்குள் பேட்டரி பதினெட்டு, இருபது தடவை தீர்ந்துவிடுமாம். சாறு வீணாகக் கூடாதென்றுதான் அந்த ஓட்டையாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பெட்டியில் பத்தாயிரம் இழுப்பு என்று போட்டிருக்கிறது. வாங்கி மூன்று வாரம் ஆகிறது. மார்ச் இருபதுக்குள் தீர்ந்துவிடும். லோகேஸ்வரியிடம் சொன்னேன். “நல்லது” என்றாள். அவள் ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம்.

மார்ச் 8, வெள்ளி

138/88. காரணம் கீழே.

காடி பேட்டரிக்கு என் பழக்கம் ஒன்றுதான். எப்போதும் நிறைத்து வைக்க வேண்டும். நிறைந்த பிறகும் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கலாம். பாதியில் விட்டால் தகட்டில் உப்புப் படிந்து பேட்டரி செத்துவிடும். அதே நினைப்பில் வேப்பைக் காலை எட்டு மணிக்கு லோகேஸ்வரியின் கைப்பேசி சார்ஜரில் செருகிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அது வேகமாக ஏற்றுகிற சார்ஜர். பதினொரு மணிக்கு எடுக்கப் போனால் கை சுட்டது. பிடுங்கி, ஆசிட் சிந்தினால் கொட்டுவதற்கு வைத்திருக்கும் மணல் வாளியில் போட்டேன்.

பக்கத்துக் கடையில் கைப்பேசி பழுதுபார்க்கும் ஆ செங் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். இது லிதியம், உன் காடி பேட்டரி மாதிரி இல்லை, இதற்கு எல்லாம் தலைகீழ் என்றான். நிறைந்ததும் பிடுங்கிவிட வேண்டும். முழுக்கத் தீரவும் விடக் கூடாது, விளக்கு மினுக்க ஆரம்பித்ததும் ஏற்ற வேண்டும். பழைய சின்ன சார்ஜர்தான் நல்லது. தலையணை, மெத்தை மேல் வைக்கக் கூடாது, கண் பார்வையில் இருக்க வேண்டும். ஓட்டையில் பஞ்சு அடைத்தால் பல்குச்சியால் எடுக்க வேண்டும், ஊசி ஆகாது. வெயில் ஆகவே ஆகாது.

பேட்டரி விஷயத்தில் நான் ஒருவனிடம் பாடம் கேட்டது இதுதான் முதல் தடவை. வெட்கப்பட ஒன்றும் இல்லை. பழைய சார்ஜர் ஒன்றைத் தேடி எடுத்து, துடைத்து, கடை மேசையில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கிவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

130/84.

செவ்வாய்க்கிழமை தமயந்தியை டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிப்போவது என் முறை. வியாழனும் சனியும் அவள் கணவர் பார்த்துக்கொள்வார். வழியில் பசியாறினோம். நான் ரொட்டி சானாயும் கோப்பியும் எடுத்தேன். அவள் ரொட்டியில் பாதி தின்றாள், கோப்பி வேண்டாம் என்றாள். ஒரு நாளைக்கு அவளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், குழம்பு, டீ எல்லாம் சேர்த்து. பையில் ஒரு பிளாஸ்கு வைத்திருக்கிறாள், அதில் ஐஸ் கட்டிகள். தாகம் தாங்கவில்லை என்றால் ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வாள்.

“ஒரு கட்டி எவ்ளோ நேரம் வரும்?” என்று கேட்டேன்.

“கடிக்காம இருந்தா பதினஞ்சு நிமிசம். கடிச்சா போச்சி.”

மூன்று வருடமாக அவள் கடிக்கவில்லை. பாலர் பள்ளியில் முப்பது பிள்ளைகளை மேய்ப்பவளுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

இறங்கும்போது தேதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மார்ச் 20, புதன்

131/84.

இன்று தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. காரணம் நல்ல காரணம். முன்பு இரண்டு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டேன், இப்போது நாலு நாளைக்கு ஒரு தடவை. பாதிக்குப் பாதி குறைத்துவிட்டேன். இதுவே பெரிய முன்னேற்றம். மிசியிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 21, வியாழன்

131/82. தீரவில்லை.

மார்ச் 27, புதன்

136/86.

மத்தியானம் இழுத்தால் கருகல் வாசம் அடித்தது. சாறு தீர்ந்து, அதை உறிஞ்சுகிற பஞ்சு காய்கிறது. ஆனால் விளக்கு பச்சையில் இருக்கிறது, பேட்டரி நிறைந்து கிடக்கிறது. நல்ல பேட்டரி ஒன்றைச் சார்ஜோடு தூக்கிப் போட எனக்கு மனம் வராது. இது தொழில் புத்தி, வேறொன்றுமில்லை.

மூடியைத் தட்டையான திருப்புளியால் நெம்பினால் வந்துவிடுகிறது. சாறு மட்டும் தனியாகப் புட்டியில் விற்கிறார்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மாம்பழ வாசம்தான் கிடைத்தது.

இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்: நான் இன்னொரு வேப் வாங்கவில்லை. இது அதேதான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

140/88.

டயாலிசிஸ் மையத்தில் தமயந்தியை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். ஒரு வாத்தியார் தன் காடி பேட்டரியைக் கொண்டுவந்தார். எட்டு மாதம்தான் ஆகிறது, காலையில் இன்ஜின் எடுக்கவில்லை என்றார். உள்ளே ஆறு செல் இருக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஐந்து நன்றாக இருந்தன, ஒன்று செத்துவிட்டது.

“ஒன்னுதானே போச்சி? மிச்சம் அஞ்சி இருக்குலே?” என்றார்.

“அப்படிக் கெடையாது சார். ஒரு செல் போனா மொத்த பேட்டரியும் போச்சி. மத்ததெல்லாம் சேர்ந்து இழுக்கப் பார்க்கும், அதுங்களும் போயிரும்.”

அவர் போன பிறகு மிசிக்கு ஃபோன் போட்டேன். ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டேன். பயந்து கேட்கவில்லை. ஒரு தொழில்காரன் கேட்கிற கேள்வி, அவ்வளவுதான்.

“மிச்சம் இருக்கிறது கொஞ்சம் பெரிசாகி ரெண்டு பேரு வேலையையும் பார்த்துக்கும்ணே. கொடுத்தவங்க பெரும்பாலும் நல்லாத்தான் இருக்காங்க. அதுக்குத்தான் இவ்ளோ டெஸ்ட் எடுக்கிறோம்.”

செல் பெரிதாகி நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லவில்லை.

“சரி, தேதி எழுதிட்டீங்களா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“எவ்ளோ பெரிசுண்ணே அது?” என்றார்.

சாயந்திரம் குளிக்கும்போது அளவு நாடாவை இடுப்பில் வைத்துப் பார்த்தேன். தழும்பு எவ்வளவு நீளம் வரும் என்று மருத்துவமனையில் கொடுத்த காகிதத்தில் போட்டிருந்தார்கள். சும்மா ஒரு ஆர்வம்.

ஏப்ரல் 8, திங்கள்

நம்பர் எடுக்க நேரமில்லை.

நாளை மறுநாள் ஹரி ராயா பெருநாள். ஊருக்குப் புறப்படுகிற நாளில்தான் எல்லாருக்கும் பேட்டரி படுக்கும். காலையிலிருந்து ஒன்பது இடத்துக்கு வேனை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேப்பை டேஷ்போர்டு மேல் வைத்ததை மறந்துவிட்டேன். ஒரு தாமான் குடியிருப்பில் வெட்டவெளியில் வேனை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், சாமான் வயிறு உப்பி, மூடி ஒரு பக்கம் பிதுங்கிக் கிடக்கிறது. செல் வீங்கிவிட்டது. வீங்கியதற்கு வைத்தியம் கிடையாது, வெடிக்கலாம், தீயும் பிடிக்கலாம். பழைய துணியில் பிடித்துக் கடைக்குக் கொண்டுவந்து மணல் வாளியில் புதைத்துவிட்டேன்.

ஆகவே தீர்ந்தது. நானாகச் செய்யவில்லை, வெயில் செய்தது. எப்படியோ தீர்ந்தது. முதல் பக்கத்தைத் திறந்து பேனாவையும் எடுத்தேன். அதற்குள் பத்தாவது ஆள் கூப்பிட்டார். நாளைக்கு எழுதலாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

142/90.

தமயந்தியை விட்டுவிட்டு வந்ததும் முதல் வேலையாக வாளியைப் பார்த்தேன். கூடு நன்றாகத்தான் இருந்தது. சுருளும் நன்றாக இருந்தது. கெட்டது செல் மட்டும்தான். ஆ செங்கின் பழைய சாமான் டப்பாவில், எவனோ போட்டுவிட்டுப் போன வேப் ஒன்று கிடந்தது. அதன் செல்லை மீட்டரில் வைத்துப் பார்த்தேன், உயிர் இருந்தது. பற்றவைப்புக் கம்பியால் இரண்டு புள்ளி வைத்து என் கூட்டில் சேர்த்தேன். கூடு சரியாக மூடவில்லை, கறுப்பு டேப் நாலு சுற்று சுற்றினேன்.

ஆ செங் இதைச் செய்யாதே என்று மூன்று தடவை சொன்னான். இருபத்தாறு வருடம் தொழில் செய்பவனிடம் சொல்கிறான்.

வாங்கவில்லை. அதே கூடுதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

138/86. சித்திரைப் புத்தாண்டு.

தமயந்தியும் கணவரும் மத்தியானம் சாப்பிட வந்தார்கள். லோகேஸ்வரி அவளுக்கென்று உப்பு குறைத்துத் தனியாகச் சமைத்தாள். வடை ஒன்று தின்றாள், பாயசம் ஒரு கரண்டி. பாயசத்தையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். முகம் ஊதியிருந்தது. மாடிப்படியில் நாலு படி ஏறியதும் நின்றுவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு நான் பின்பக்கம் போய் நின்றேன். தமயந்தி கை கழுவ வந்தவள் பார்த்தாள். கை கழுவாமலேயே உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு லோகேஸ்வரி பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள். “கடைசி கடைசின்னு சொல்லி அதுக்கு ஆயுசக் கூட்டிக்கிட்டே போறீங்க. எனக்கு இப்படி ஒரு நாளு பார்த்துக்கிட்டது இல்லே.” நல்ல நாளில் சண்டை வேண்டாமென்று கடைப்பக்கம் போய்விட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

148/92.

தமயந்தியை மருத்துவமனையில் படுக்கவைத்துவிட்டார்கள். டயாலிசிஸுக்கு ஊசி குத்துவதற்கென்று இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து வைத்திருப்பார்கள். தொட்டால் கிர்ரென்று ஓடுவது தெரியும். இன்று காலையில் அது ஓடவில்லை. அடைத்துவிட்டது. திறக்கப் பார்த்து முடியாமல் கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். கழுத்துக் குழாய் ரொம்ப நாள் வைக்க முடியாது, கிருமி ஏறும் என்றார் டாக்டர். அண்ணன் கொடுக்கிறாராமே, எப்போது என்று தமயந்தியின் கணவரிடம் கேட்டாராம். இதைச் சொல்லிவிட்டு அவள் கணவர் என்னைப் பார்த்தார். நான் காடி நிறுத்திய இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

ஏப்ரல் 20, சனி

பிரஷர் எடுக்கவில்லை.

மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் போனேன். அவள் தனியாக இருந்தாள். கழுத்தில் பிளாஸ்திரி, அதிலிருந்து இரண்டு குழாய் தொங்குகிறது. உட்கார்ந்ததும் கையை நீட்டினாள்.

“எடு, பார்ப்போம்.”

“என்னாது?”

“பேன்ட் பையில இருக்கிறதுதான்.”

கொடுத்தேன். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“தூக்கிப் போடுற சாமானுக்கு யாராச்சும் டேப்பு சுத்துவாங்களாண்ணே? இதுல என்னென்னா மாத்துனே?”

“சாறு.”

“அப்புறம்?”

“பேட்டரி.”

“அப்ப பழசுல என்னாதான் மிச்சம் இருக்கு?”

“கூடு.”

சிரித்துவிட்டாள். சிரித்தால் கழுத்து வலிக்கிறது, கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கொடுக்க மனசில்லேன்னா வாயத் தெறந்து சொல்லிருண்ணே. நான் ஒன்னோட பேசாம இருந்துற மாட்டேன். மிசின் இருக்கு, வருசக் கணக்கா மிசின்லயே ஓட்டுறவங்க இருக்காங்க. லிஸ்ட்டுல என் பேரும் இருக்கு. இல்லேன்னு தெரிஞ்சா நான் என் வழியப் பார்ப்பேன். ஆனா நீ தேதிய எழுதுவே எழுதுவேன்னு தெனமும் பார்த்துக்கிட்டுக் கெடக்கிறேன் பாரு, அதான் முடியல.”

“கொடுக்க மாட்டேன்னு நான் சொன்னேனா?”

“சொல்லல. அதத்தான் சொல்றேன்.”

வேப்பை என் கையில் திருப்பி வைத்தாள். பிடுங்கி வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வைத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மணி அடித்தார்கள், எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

144/90.

குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. குப்பை லோரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பேரங்காடி நுழைவில் மின்கழிவு போடுவதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து, செல்லைக் கழற்றி, இரண்டு முனையிலும் டேப் ஒட்டினேன். கூட்டைத் தனியாக ஒரு பையில் கட்டினேன். பத்தரை மணிக்குப் பேரங்காடி திறந்ததும் உள்ளே போட்டேன். பெட்டியின் வாய் சின்னது, விழுந்தால் எடுக்க முடியாது. அதையும் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன்.

செல்லில் முழுச் சார்ஜ் இருந்தது. சாறும் பாதிக்கு மேல் இருந்தது. ஆகவே தீர்ந்த தேதி என்று எழுத முடியாது. முதல் பக்கத்தைத் திறந்து ‘தீர்ந்த’ என்பதை அடித்துவிட்டு ‘விட்ட’ என்று எழுதி, பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டேன். படம் எடுத்து மிசிக்கு அனுப்பினேன். தமயந்திக்கும் அனுப்பினேன்.

மிசி கட்டைவிரல் ஒன்றை அனுப்பினார். தமயந்தி பார்த்துவிட்டாள். எனக்கு அது போதும்.

ஏப்ரல் 22, திங்கள்

146/90. முதல் முழு நாள். பையில் கை விட்டது பதினொரு தடவை.

ஏப்ரல் 24, புதன்

150/94.

ஒரு லோரிக்காரரிடம் கத்திவிட்டேன். அவர் மேல் தப்பே இல்லை. பின்னாலேயே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். குவாச்சி, அந்த உப்புப் போட்ட தர்ப்பூசணி விதை, ஒரு பொட்டலம் முழுக்கக் கொறித்துத் தோலைத் துப்பிவிட்டேன், நாக்கு வெந்துவிட்டது. தலைவலி. கடை முழுக்க மாம்பழ வாசம் வருகிறது, அங்கே மாம்பழம் ஒன்றுமில்லை.

இருந்தாலும் வேப்பைத் தொடவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

140/88.

தமயந்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்துக் குழாயோடுதான். இன்று மையத்துக்குக் கூட்டிப்போனேன். காடியில் நான் விரலால் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தேன். அவள் பிளாஸ்கைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியை நீட்டினாள்.

“வாயில அடக்கு. கடிக்காதே.”

கடித்துவிட்டேன். “ஒன்னோட வாய்க்கு ஆறு வாரம்னா பெரிய விசயந்தான்” என்றாள். இன்னொன்றைக் கொடுத்தாள். அது கிட்டத்தட்ட மையம் வரைக்கும் வந்தது.

மே 13, திங்கள்

132/84. மூன்று வாரம்.

ஆ செங் கேட்டான், ஆசை போய்விட்டதா என்று. போகவில்லை. போகும் என்று காத்திருந்தால் அதுவும் வேப் தீரட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதைதான். அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறேன்.

மே 22, புதன்

128/82.

பெட்ரோல் நிலையத்தில் முன்னால் நின்ற ஒருவன் ஊதினான். திராட்சை. வரிசையை விட்டு விலகி அடுத்த நிலையத்துக்குப் போனேன். எட்டுக் கிலோமீட்டர் சுற்று.

ஜூன் 3, திங்கள்

126/80. ஆறு வாரம், ஒரு நாள்.

சிறுநீர் கொடுத்தேன். குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது பரீட்சைத் தாளைக் கொடுப்பது போலத்தான் இருந்தது. மத்தியானம் மிசி கூப்பிட்டார். சுத்தமாக இருக்கிறதாம். “வாழ்த்துகள்ணே. வியாழக்கிழமை ஒரே ஒரு ஆளப் பார்க்கணும். தனியா வரணும், குடும்பத்துல யாரும் உள்ளே வரக்கூடாது” என்றார்.

ஜூன் 6, வியாழன்

130/84.

அவர் டாக்டரும் இல்லை, மிசியும் இல்லை. கொடுப்பவர்களின் பக்கம் மட்டும் பேசுவதற்கென்று ஓர் ஆலோசகர் இருக்கிறார். வயதான அம்மா, நன்றாகத் தமிழ் பேசினார். தமயந்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா எழுந்து கதவைச் சாத்தினார்.

யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். என்னென்ன ஆகலாம் என்று தெரியுமா என்றார். தெரியும் என்றேன். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

“மிஸ்டர் குணாளன், இப்பக்கூட நீங்க வேணான்னு சொல்லலாம். காரணம் கேக்க மாட்டோம். வீட்டுல இருக்கிறவங்ககிட்ட, மருத்துவ ரீதியா ஒத்து வரலன்னு மட்டும் சொல்லுவோம். வேற ஒரு வார்த்த சொல்ல மாட்டோம். ஒங்க தங்கச்சிக்குக்கூடத் தெரியாது.”

சிரிஞ்சு, திருப்புளி, பற்றவைப்புக் கம்பி எல்லாம் வைத்துக்கொண்டு மார்ச்சிலும் ஏப்ரலிலும் நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வேண்டாம் என்று என் வாயால் சொல்லாமல், சாமான் மேல் பழி போட்டுவிட்டு வெளியே வர ஒரு வழி. இந்த அம்மா அதைச் சும்மா நீட்டுகிறார். பெயர் கெடாது. தமயந்தி என் மேல் கோபப்படக்கூட மாட்டாள், பாவம் அண்ணன், உடம்பு ஒத்து வரவில்லை என்பாள். அவள் அப்படிச் சொல்வது என் காதில் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு செவ்வாய்தோறும் அவளைக் கூட்டிப்போவதை நினைத்துப் பார்த்தேன்.

“பயமா இருக்குங்கம்மா” என்றேன். இந்த மூன்று மாதத்தில் நான் யாரிடமும் சொல்லாதது. இந்தப் புத்தகத்தில்கூட எழுதாதது.

“அப்ப வேணாம்னு போட்டுறட்டா?”

“அப்படிச் சொல்லலம்மா. பயமாவும் இருக்கு. கொடுக்கவும் கொடுக்கிறேன்.”

அவர் தாளைப் பார்த்தார். “இதுல சம்மதம், சம்மதமில்லேன்னு ரெண்டு கட்டந்தான் இருக்கு.”

“சம்மதத்துல கோடு போடுங்க. மத்தத ஓரத்துல எழுதுங்க.”

பேனாவை எடுத்து ஓரத்தில் நிதானமாக எழுதினார். என் பக்கம் திருப்பிக் காட்டினார். படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டேன். ஜூன் 25 என்று நாள் குறித்தார்கள்.

வெளியே வந்ததும் தமயந்தி எழுந்து நின்றாள்.

“இவ்ளோ நேரமா உள்ளே என்னாண்ணே கேட்டாங்க?”

“ஒன் தங்கச்சி எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டாங்க.”

“நீ என்னா சொன்னே?”

“யோசிச்சிதான் சொல்லணும்னேன். அதான் லேட்டு.”

முதுகில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. உடம்பு முடியாதவள் அடிக்கிற அடி மாதிரியே இல்லை. மின்தூக்கி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள், அங்கே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.